காணாக்கடிக்குக் கொடுத்த மருந்து

ஓய்வூதியர் சங்கத்து மலருக்கு ஒரு பக்கம் எழுதித் தரும்படி கேட்டார்கள். 'கோடைக்கால அரிப்பு, தடிப்பு, பூச்சிக்கடிக்கு எளிய மூலிகைகள்' என்று தலைப்பையும் அவர்களே வைத்துவிட்டார்கள். வேலைக்காலம் முழுக்க அரசு சித்த மருத்துவப் பிரிவில் மருந்தாளுநராக இருந்தவனுக்கு இதெல்லாம் ஒரு வேலையா? உட்கார்ந்தால் அரை மணி நேரம். மூன்று தடவை உட்கார்ந்தேன். மூன்று தடவையும் 'காணாக்கடி' என்ற சொல் வரைக்கும் வந்து பேனாவை மூடி வைத்துவிட்டேன். நான்காவது தடவை வந்தது இதுதான். மலருக்கு ஆகுமோ ஆகாதோ, அது அவர்கள் பாடு.

முதலில் கேட்டதைக் கொடுத்துவிடுகிறேன். வேர்க்குருவுக்கு நுங்குத் தண்ணீரைத் தடவிக் காயவிடலாம். சந்தனத்தை இழைத்தும் போடலாம். வெயிலில் சிவந்து காந்துகிற தோலுக்குக் கற்றாழைச் சோற்றை ஏழு தடவை கழுவிவிட்டுப் பூச வேண்டும். கழுவாமல் பூசினால் அதுவே அரிக்கும், பிறகு என்னைத் திட்டக்கூடாது. கொசு, எறும்பு கடித்த இடத்துக்குத் துளசிச் சாறோ தும்பை இலைச் சாறோ போதும். சொறி சிரங்குக்குக் குப்பைமேனி இலையோடு கல் உப்பு வைத்து அரைத்துப் பூசிக் குளிக்கலாம், ஆனால் புண் உடைந்திருந்தால் தொடவே கூடாது. படர்தாமரைக்குச் சீமை அகத்தி. எதற்கும் வேப்பிலை, மஞ்சள். இம்புட்டுத்தான். இதை எழுத நான் எதற்கு? தெருவில் எந்தப் பொம்பளையைக் கேட்டாலும் சொல்லுவாள்.

நான் படித்ததைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. விருதுநகரில் பள்ளிக்கூடம், வெளியூரில் மருந்தாளுநர் படிப்பு, நாலைந்து ஊர்களில் தற்காலிக வேலை. அதன் பிறகு சாத்தூருக்கும் சிவகாசிக்கும் நடுவில் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு நிரந்தரமாக வந்து சேர்ந்தேன். ஊர்ப் பெயர் வேண்டாம். முன்கட்டடத்தில் இங்கிலீஷ் மருந்து, பின்னால் ஓட்டுக் கட்டடத்தில் சித்தா. இரண்டுக்கும் நடுவே இருபது அடி சிமெண்ட் தரை. என்னை யாரும் மருந்தாளுநர் என்று கூப்பிட்டதில்லை, கம்பவுண்டர்தான்.

அங்கே எனக்கு மேலதிகாரியாக இருந்தவர் காந்திமதி டாக்டரம்மா. திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். ஒல்லியான உடம்பு, சத்தமே வராத பேச்சு. வெளிநோயாளிகள் பார்க்கிற நேரத்தில் டீ குடிக்க மாட்டார், என்னையும் குடிக்க விடமாட்டார். அதில் எனக்குக் கோபம்தான். வரிசையில் அறுபது பேர் நின்றாலும் அறுபது பேரையும் ஜன்னல் பக்கம் திருப்பி நிறுத்தி, வெளிச்சத்தில் தோலைப் பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறப்பார்.

பங்குனி பிறந்தால் எங்களுக்கு அரிப்புக் காலம். பட்டாசுக் கம்பெனிகளில் வெடிமருந்துக் கலவை அள்ளுகிறவர்கள், குழாயில் செலுத்துகிறவர்கள் எல்லாம் வியர்வையோடு அந்தத் தூளையும் சேர்த்துச் சுமந்துகொண்டு வருவார்கள். கழுத்து மடிப்பு, முழங்கை, இடுப்பு, எங்கெல்லாம் வியர்க்குமோ அங்கெல்லாம் தடித்திருக்கும். அதோடு வீட்டில் தரையில் படுத்து வாங்கிய பூச்சிக்கடி வேறு. இருக்கன்குடி மாரியம்மனுக்கு விரதம் இருக்கிற வீடு என்றால் வேர்க்குருவைக்கூட 'ஆத்தா வந்திருக்கா' என்று சொல்லி மருந்தே வேண்டாம் என்பார்கள். அவர்களோடு மல்லுக்கட்டுவது தனி வேலை.

இதில் காணாக்கடி என்பது ஒரு தனிக் கணக்கு. காலையில் எழுந்தால் உடம்பில் தடிப்பு, அரிப்பு. என்ன கடித்தது என்று தெரியாது. எங்கள் பக்கத்தில் அதற்குத்தான் காணாக்கடி என்று பெயர். வெற்றிலையில் மிளகு வைத்து மெல்லச் சொல்லுவோம், அருகம்புல் சாறு கொடுப்போம், மேலே குப்பைமேனியோ வேப்பிலையோ பூசுவோம், இரண்டு நாள் புளி இல்லாத பத்தியம். பத்தில் ஒன்பது பேருக்குக் கேட்கும்.

ஆனால் டாக்டரம்மா காணாக்கடி என்று யார் சொன்னாலும் மருந்தைத் தொட விடமாட்டார். நான்கு விஷயம் முடிந்தாக வேண்டும். நேற்று எங்கே படுத்தாய், தரையிலா கட்டிலிலா? வயிறு வலிக்கிறதா? கண்ணை மேலே தூக்கிப் பார், இமை முழுதாகத் திறக்கிறதா? இந்தத் தண்ணீரை என் முன்னால் குடி, விழுங்க முடிகிறதா?

ஒருநாள் லோடு ஏற்றுகிற ஆள் ஒருவர் வந்தார். கை முழுக்கத் தடிப்பு. டாக்டரம்மா அவரை ஐந்து நிமிடம் கண்ணை மூடித் திறக்க வைத்தார். வந்தவருக்குப் பொறுமை போய்விட்டது.

"ஏம்மா, அரிக்குன்னு வந்தா கண்ணாஸ்பத்திரி மாதிரிப் பாக்கீகளே. கையில இருக்கு, கண்ணுல இல்ல."

"கோவிச்சுக்கிடாதீக அண்ணாச்சி. காணாக்கடின்னு நீங்கதான சொன்னீக? கடிச்சதை நீங்க பாக்கல. அப்ப அது எதுவா வேணும்னாலும் இருக்கலாம்ல? கட்டுவிரியன் கடிச்சா வலிக்காது, வீங்காது, பல்லு பட்ட தடம்கூடத் தெரியாது. வயிறு வலிக்கும், இமை தொங்கும். அதைப் பாத்துட்டுத்தான் நான் இலையத் தொடுவேன்."

அவர் போன பிறகு நான் சிரித்தேன். "எங்க ஊர்ல இதுக்கு இம்புட்டு நேரம் ஆகாதும்மா. ரெண்டு வேப்பிலையை வாயில குடுப்போம். கசந்தா பூச்சி, கசக்கலேன்னா பாம்பு. முடிஞ்சது சோலி."

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "அது எந்த நூல்ல இருந்தாலும் சரி, எந்த ஊர்ல இருந்தாலும் சரி. இந்த அறையில வேண்டாம்" என்றார். நான் தலையாட்டினேன். உள்ளுக்குள் ஒப்பவில்லை. சுற்றுவட்டாரம் முழுக்க அந்த வேப்பிலையை நம்பியது, நானும் நம்பினேன். அவர் விடுப்பிலோ முகாமிலோ இருக்கிற நாளில், நோயாளியைப் பார்க்கிற பொறுப்பு எனக்கு இல்லாவிட்டாலும், கூட்டத்தைத் திருப்பி அனுப்ப முடியாது என்று நானே பார்ப்பேன். அப்போதெல்லாம் வேப்பிலைதான்.

சிக்குன்குனியா வந்து எல்லாரையும் முடக்கிப் போட்டுப் போன காலத்தில் நிலவேம்புக் கசாயம் காய்ச்சிக் கொடுத்தோம். ஊரில் ஆம்பிளைகளே மூக்கைப் பிடித்துக்கொண்டு குடிப்பார்கள். பட்டாசுக் கம்பெனிப் பொம்பளைகள் மட்டும் மோர் குடிக்கிற மாதிரிக் குடித்துவிட்டுத் தம்ளரைக் கவிழ்ப்பார்கள். அவர்களில் ஒருத்தி பேச்சியம்மாள். முப்பத்தைந்து வயது இருக்கும், சக்கரப் பட்டாசுக்கு வெடிமருந்து செலுத்துகிற வேலை. புருசன் கருப்பசாமி தீப்பெட்டிக் கம்பெனியில் லோடுமேன். பள்ளிக்கூடம் போகிற ஒரு மகள். "எப்படிம்மா இதைக் குடிக்கிற?" என்று ஒருநாள் கேட்டேன்.

"எங்க வாயி எந்நேரமும் கசந்துதான் சார் கெடக்கு. வெடிக்குப் போடுற பச்சை உப்பையும் கந்தகத்தையும் அள்ளிட்டு வந்தா சோறே கசக்கும். டீயில நாலு கரண்டி சீனி போட்டாலும் கசக்கும். இது புதுசா என்னத்தக் கசக்கப் போகுது?"

வரிசையே சிரித்தது. நானும் சிரித்தேன். வீட்டில் போய் அதைச் சொல்லி மறுபடியும் சிரித்தேன். கேட்டேன், சிரித்தேன், அதோடு விட்டேன். அதை நினைக்கும்போதெல்லாம் என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருக்கும்.

அடுத்த கோடையில் பேச்சியம்மாளுக்கு அரிப்பு வந்தது. கழுத்திலும் கையிலும் தடித்துத் தடித்து வரும். பறங்கிப்பட்டைச் சூரணம் கொடுத்தோம், அருகன் தைலம் கொடுத்தோம். "கொஞ்ச நாளைக்கு அந்த வேலையை விட்டு வேற வேலை கேளு" என்றார் டாக்டரம்மா. "மருந்து செலுத்துறதை விட்டா லேபிள் ஒட்டுறதுக்குத்தான் விடுவாகம்மா, அதுல பாதிதான் கூலி" என்றாள். அவள் விடவில்லை, அரிப்பும் விடவில்லை. ராத்திரி முழுக்கச் சொறிந்துகொண்டு தூங்காமல் கிடப்பதாகச் சொல்லுவாள். வாரத்துக்கு ஒரு தடவை வருவாள், எட்டரை மணிக்கு. வாசலில் கம்பெனி வேன் நிற்கும்.

அன்றைக்கும் எட்டரைக்குத்தான் வந்தாள். டாக்டரம்மா மல்லாங்கிணறு பக்கம் ஒரு மருத்துவ முகாமுக்குப் போயிருந்தார். நான் தனி ஆள். வரிசையில் நாற்பது பேருக்குக் குறையாது.

"காணாக்கடி சார். விடியக்கருக்கல்ல ஏதோ ஊருன மாதிரி இருந்துச்சு, தட்டிவிட்டுட்டுத் திரும்பிப் படுத்துட்டேன். இன்னைக்கு அரிப்பு சாஸ்தி."

கையை நீட்டினாள். தடிப்பு இருந்தது. போன வாரமும் இருந்தது, அதற்கு முந்தின வாரமும் இருந்தது. நான் கையைத்தான் பார்த்தேன்.

"வயிறும் வலிக்கு சார். சுருட்டிச் சுருட்டிப் பிடிக்கு."

"ராத்திரி என்ன சாப்பிட்ட?"

"பழைய கொழம்புதான்."

"அப்ப வலிக்காம என்ன செய்யும்?" என்றேன்.

"கண்ணைத் தொறக்க முடியல சார். பாரமா அமுத்துது."

"ஒரு மாசமா தூங்காம கிடந்தா அப்படித்தாம்மா இருக்கும்."

எல்லாவற்றுக்கும் என்னிடம் பதில் இருந்தது. அம்புட்டுக் கெட்டிக்காரன் நான்.

வாசலில் வேன்காரன் ஆரன் அடித்தான். நான் இரண்டு கொத்து வேப்பிலையை உருவி அவள் கையில் கொடுத்தேன். வாயில் போட்டு மென்றாள். மெல்லுவதற்கே நேரம் எடுத்துக்கொண்டாள்.

"கசக்குதா?"

"கசக்கு சார்."

எனக்கு அது போதுமாக இருந்தது. அருகம்புல் சாற்றில் மிளகுத்தூள் போட்டுக் கொடுத்தேன். ஒரு வாய் குடித்தாள், பாதி வாயோரமாக வழிந்தது. "தொண்டைக்குள்ள எறங்க மாட்டேங்குது சார்" என்றாள். பேச்சும் கொஞ்சம் குழறலாக இருந்தது. வாயில் இலைச் சக்கை இருக்கிறது, அதனால்தான் என்று நினைத்தேன். "மெதுவாக் குடி, மருந்துதானே" என்றேன். அரைத்து வைத்திருந்த குப்பைமேனி விழுதை இரண்டு கையிலும் கழுத்திலும் நானே பூசிவிட்டேன். அவளுக்குக் கை தூக்க முடியவில்லை. அதையும் பார்த்தேன். பார்த்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டேன்.

வேனில் இருந்த பொம்பளைகள் அவளைப் பார்த்துவிட்டு, "இந்தக் கோலத்துல வேலைக்கு வராத, போயி படு" என்று வீட்டு வாசலில் இறக்கிவிட்டுப் போயிருக்கிறார்கள். பாய் போட்டுப் படுத்தவள் படுத்தவள்தான். பதினொரு மணிவாக்கில் பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்தபோது மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. ஆட்டோ பிடித்துச் சாத்தூருக்குக் கொண்டுபோனார்கள். போகிற வழியிலேயே உயிர் போய்விட்டது.

எனக்குத் தெரிந்தது சாயங்காலம். மருந்து அறையைப் பூட்டிக்கொண்டிருந்தேன். அவள் தெருக்காரர் ஒருவர் வந்து சொன்னார். பட்டாசுக்குக் காகிதக் குழாய் சுருட்டுவது அவள் வீட்டில் ஓய்வு நேர வேலை. சுருட்டிய குழாய்கள் மூட்டையாக அவள் தலைமாட்டில் கிடக்குமாம். உடம்பைக் கிடத்த இடம் பண்ணுவதற்கு மூட்டையைத் தூக்கியிருக்கிறார்கள். அடியில் சுருண்டு கிடந்திருக்கிறது கட்டுவிரியன். அடித்துப் போட்டுவிட்டார்களாம்.

நான் பூட்டிய கதவின் மேல் சாய்ந்து நின்றேன். எதிரே முன்கட்டடம். அதற்குள் ஒரு குளிர்பதனப் பெட்டி. அதற்குள் பாம்புக்கடி விஷமுறிவு ஊசி மருந்து. எங்கள் நிலையத்தில் அது எப்போதும் இருப்பு இருக்கும். அவள் என் முன்னால் நின்று வேப்பிலை மென்ற இடத்திலிருந்து இருபது அடி.

மறுநாள் காலையில் டாக்டரம்மா வந்ததும் நோட்டைத்தான் கேட்டார். என் கையெழுத்தில் இருந்தது: பேச்சியம்மாள், காணாக்கடி, அருகம்புல், மிளகு, குப்பைமேனி மேற்பூச்சு.

"எங்கன படுத்தான்னு கேட்டீகளா?"

"இல்லம்மா."

"வயிறு?"

"வலிக்குன்னு சொன்னா."

"இமை?"

"தூக்கக் கலக்கம்னு நெனச்சேம்மா. வேப்பிலை குடுத்தேன். கசக்குன்னு சொன்னா."

அவர் முகம் மாறவில்லை. "அவளுக்கு எதுதான் கசக்காது?" என்றார், மெதுவாக. அப்போதுதான் எனக்கு அந்த நிலவேம்புப் பேச்சு ஞாபகம் வந்தது. ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். அவரே மேலும் சொன்னார்: "வாய் நல்லா இருந்திருந்தாலும் அந்தச் சோதனை செல்லாது. கட்டுவிரியன் கடிச்சவன் கசக்குன்னும் சொல்லுவான், இனிக்குன்னும் சொல்லுவான். நாக்கை வெச்சு விஷத்தைக் கண்டுபிடிக்க முடியாது. உங்ககிட்ட நான் அன்னைக்கே விளக்கமாச் சொல்லியிருக்கணும். வேண்டாம்னு மட்டும் சொன்னேன்."

திட்டியிருந்தால் தேவலை. தன் மேலும் பழியைப் போட்டுக்கொண்டு நின்றார். நடந்ததை முன்கட்டடத்து மருத்துவ அலுவலரிடம் அவரே போய்ச் சொன்னார். என்னிடம் எழுதி வாங்கினார்கள். மேலே அனுப்பினார்களா, அனுப்பி அது எங்கேயாவது கிடந்து மக்கியதா, எனக்குத் தெரியாது. ஒரு நடவடிக்கையும் வரவில்லை. பாம்பு கடித்து வீட்டில் படுத்திருந்து இறந்தாள் என்று ஊரில் முடிந்துபோனது. யாரும் என்னிடம் வந்து ஒரு வார்த்தை கேட்கவில்லை. யாராவது கேட்க மாட்டார்களா என்று இருந்தது.

அதன் பிறகு ஓய்வு பெறுகிற நாள் வரைக்கும், காணாக்கடி என்று வந்தவர் யாராக இருந்தாலும் நாலு கேள்வியும் கேட்காமல் விட்டதில்லை. அதற்குள் மருந்து எல்லாம் டப்பாவில் வர ஆரம்பித்துவிட்டது, இலை அரைக்கிற வேலை போய்விட்டது. கேள்வியை மட்டும் விடவில்லை. அப்படிக் கேட்டதில் இரண்டு பேரை முன்கட்டடத்துக்குக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடியிருக்கிறேன். இரண்டு பேரும் பிழைத்தார்கள். இதைச் சொன்னால் சிலர், 'பார்த்தீர்களா, ஒன்றுக்கு இரண்டாகக் காப்பாற்றிவிட்டீர்கள்' என்று ஆறுதல் சொல்லுவார்கள். எனக்குக் கோபம்தான் வரும். பேச்சியம்மாள் என்ன, எனக்குப் பாடம் நடத்தவா வந்தாள்? அரிப்புக்கு மருந்து வாங்க வந்தாள்.

அவள் போய் இரண்டு மாதம் கழித்துக் கருப்பசாமி வந்தார். மகளையும் கூட்டி வந்திருந்தார். பிள்ளைக்குக் கழுத்தில் வேர்க்குரு. டாக்டரம்மா பார்த்து எழுதிக் கொடுத்த சீட்டோடு மருந்து அறை ஜன்னலுக்கு வந்தார்கள். நான் சீட்டை வாங்கினேன். இன்றைக்குக் கேட்கப் போகிறார், கேட்டால் எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டியதுதான் என்று மனதைக் கல்லாக்கிக்கொண்டேன்.

"கடைசியா உங்க கையாலதான் சார் மருந்து பூசிட்டு வந்துருக்கா" என்றார்.

நான் களிம்பு டப்பாவை எடுக்கத் திரும்பினேன்.

"அந்தப் பாம்பு கடிச்சா வயித்த வலிக்கும், கண்ணு தொறக்காதுன்னு சாத்தூர் ஆஸ்பத்திரில சொன்னாக சார். பாவிமக, உங்ககிட்ட வந்து நின்னவ, வயித்து வலி, கண்ணு தொறக்கலன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நீங்க விட்டுருப்பீகளா? அந்தா அங்கன கூட்டிட்டுப் போயி ஊசி போட்டுருக்க மாட்டீகளா? அரிக்குன்னு மட்டும் சொல்லிட்டு வந்து படுத்துட்டா. வாயத் தொறக்காமலே செத்துப் போனா சார். இந்தப் பிள்ளைகிட்டயும் அதத்தான் சொல்லுதேன். உங்கம்மா மாதிரி இருக்காத, எங்கன என்ன செஞ்சாலும் வாயத் தொறந்து சொல்லணும்னு."

பிள்ளை என்னைப் பார்த்துத் தலையாட்டியது. பன்னிரண்டு வயசு இருக்கும். நான் களிம்பு டப்பாவைக் கொடுத்து, குளித்துவிட்டுக் காலையும் சாயங்காலமும் தடவச் சொன்னேன். "சரி சார்" என்று வாங்கிக்கொண்டது. கருப்பசாமி என்னைக் கும்பிட்டுவிட்டுப் போனார். நானும் கும்பிட்டேன்.

அந்தப் பெண்ணுக்கு இப்போது கல்யாணமாகிப் பிள்ளைகள் இருக்கும். தன் அம்மா வாயைத் திறக்காமல் செத்தாள் என்றுதான் தன் பிள்ளைகளிடமும் சொல்லிக்கொண்டிருப்பாள். மகளே, உன் பெயர்கூட எனக்கு நினைவில்லை. உன் அம்மா சொன்னாள். வயிறு வலிக்கு என்று சொன்னாள். கண்ணைத் திறக்க முடியவில்லை என்று சொன்னாள். தொண்டையில் இறங்கவில்லை என்று சொன்னாள். ஒன்றையும் விடாமல் என்னிடம் சொன்னாள். உன் அப்பாவிடம் சொல்லாமல் இருந்தது நான்தான்.